கணினிப் பாகங்களும் நிலைமின்னும்

தலை வாரிய நெகிழிச் சீப்பைச் சிறு காகிதத் துண்டுகளின் அருகே கொண்டு சென்றால், அவை தாவி வந்து சீப்பில் ஒட்டிக்கொள்ளும். இரு பொருள்கள் உரசும்போது ஒன்றிலுள்ள எலக்ட்ரான்கள் மற்றொன்றுக்குச் செல்கின்றன. இவ்வாறு சேர்ந்து, ஓடாமல் தேங்கி நிற்கும் மின்னூட்டமே நிலைமின் எனப்படும்.

கம்பளத்தின்மீது நடந்தாலும் நெகிழி நாற்காலியிலிருந்து எழுந்தாலும் நம் உடலில் நிலைமின் சேரும். பின்னர் உலோகத்தைத் தொட்டவுடன் அது பாய்ந்து வெளியேறும். ஏறத்தாழ 3000 வோல்ட்டை எட்டினால்தான் அந்தப் பாய்ச்சல் ‘சுருக்’கென்று நமக்குத் தெரியும். கணினிச் சில்லுகள் சிலவோ 100 வோல்ட்டுக்கும் குறைவான பாய்ச்சலிலேயே பழுதாகிவிடும். அவற்றினுள் இருக்கும் மின்கடத்தாப் படலம் தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லியது. எனவே, நாம் உணராத பொறிகூட அதைத் துளைத்துவிடும்.

சில்லு உடனே செயலிழந்தால் பழுது தெரிந்துவிடும். பாதி மட்டும் சேதமுற்றால், அது சில மாதங்கள் இயங்கிப் பின்னர் திடீரென நின்றுபோகும். அப்போது காரணத்தைக் கண்டறிவது கடினம்.

பேராக் மாநிலத்தில் இச்சிக்கலை நன்கு அறிந்தவர்கள் பலர் உள்ளனர். ஈப்போவில் 1972ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கார்செம் நிறுவனமும், பின்னர் வந்த யுனிசெம் நிறுவனமும் சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கின்றன. இத்தகைய தொழிற்சாலைகளில் பணியாளர்கள் மணிக்கட்டில் தரையிணைப்புப் பட்டை அணிவார்கள். உடலில் சேரும் மின்னூட்டம் அதன்வழி மெதுவாகத் தரைக்கு இறங்கிவிடும். அணிபவரை மின்தாக்குதலிலிருந்து காக்க, பட்டையில் 1 மில்லியன் ஓம் மின்தடை பொருத்தப்பட்டிருக்கும்.

காலணியும் முக்கியம். பேராக்கின் பால்மரத் தோட்டங்கள் தந்த இரப்பர், மின்சாரத்தைக் கடத்தாது. அதனால், மின்பணியாளர்களுக்கு இரப்பர்க் கையுறை காவலாகிறது. சில்லைக் கையாள்பவருக்கோ அதே குணம் இடராகிறது. சாதாரண இரப்பர்க் காலணி, உடலிலுள்ள மின்னூட்டத்தைத் தரைக்கு இறங்க விடாது. ஆகவே, தொழிற்சாலைகளில் மின்னூட்டத்தைக் கடத்தும் சிறப்புக் காலணிகள் பயன்படுத்தப்படுகின்றன.

நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. ஈரக்காற்றில் நிலைமின் எளிதில் சேராது. ஆயினும், குளிரூட்டி இயங்கும் கணினி அறையில் ஈரம் குறைவதால் கவனம் தேவை.

கணினியின் நினைவகத்தை மாற்றும்போது பின்வருவனவற்றைப் பின்பற்றலாம்:

1. கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்ற வேண்டும்.
2. கம்பளம் விரிக்காத தரையில் பணியாற்ற வேண்டும்.
3. கணினிப் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை முதலில் தொட வேண்டும். பணியின் இடையிலும் அவ்வப்போது தொடுவது நல்லது.
4. நினைவகத்தின் ஓரங்களை மட்டும் பிடிக்க வேண்டும். பொன்னிற முனைகளைத் தொடக்கூடாது.
5. பொருத்தும் நேரம் வரை அதை நிலைமின் தடுப்புப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். சாதாரண நெகிழிப்பை உகந்ததன்று. அதுவே உரசி நிலைமின்னை உண்டாக்கும்.

உலோகத்தைத் தொட ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி, பல மாதங்களுக்குப் பின் வரவிருக்கும் பழுதையும் தடுக்கிறது.