எண்ணிக் காட்டியதும் எண்ணித் தந்ததும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதன்முதலாக மிதித்தவன் நான். என் தந்தையார் பந்தல்குடியில் கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதுபவர். ஃபிளெக்ஸ் வந்தபின் வேலை குறைந்துவிட்டது. ஆயினும் தூரிகை எழுத்தே வேண்டும் என்பவர்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கூலி எழுத்துக்கு 15 ரூபாய்.

"கம்ப்யூட்டர் படிக்கிறியே, இந்தக் கணக்கை அதுல போட்டுக் குடேன்" என்றார் ஒருநாள்.

இதென்ன பெரிய காரியம் என்று பைத்தானில் 'லென்' என்னும் செயற்கூற்றிடம் 'பந்தல்குடி' என்ற சொல்லைக் கொடுத்தேன். 10 என்றது. கூலி 150 ரூபாய்! அப்பா விரல் விட்டு எண்ணினார்: ப, ந், த, ல், கு, டி. ஆறு. "கூடக் கேட்டா அடுத்த தடவை எவன்டா கூப்பிடுவான்?" என்றார். எனக்கு முகம் தொங்கிப் போயிற்று.

காரணம் இதுதான். நமது 247 எழுத்துகளுக்கும் யுனிகோடில் தனித்தனி எண் கிடையாது. 'கு' என்பது க-வும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு எண்கள். 'ந்' என்பது ந-வும் புள்ளியும். 'லென்' அவற்றையெல்லாம் தனித்தனியே எண்ணிவிடுகிறது. ஆகவே துணைக்குறிகளையும் இடைவெளியையும் விட்டுவிட்டு எண்ணும் 'எண்ணு' என்ற செயற்கூற்றை நானே எழுதி, 'எழுத்து' எனப் பெயரிட்ட தனிக் கோப்பில் வைத்தேன். பைத்தான் 3-இல் கோப்புக்கும் செயற்கூற்றுக்கும் தமிழ்ப் பெயரே சூட்டலாம். தனிக் கோப்பு எதற்கு? கூலி போடும் நிரலுக்கும் ரசீது எழுதும் நிரலுக்கும் அதே எண்ணிக்கை வேண்டும். இரண்டிலும் படியெடுத்து ஒட்டுவது வீண்வேலை. அதே அடைவில் இருக்கும் 'கூலி' கோப்பின் தலைப்பில் 'இம்போர்ட் எழுத்து' என்று ஒரு வரி எழுதினால் போதும், பிறகு 'எழுத்து.எண்ணு' என்று அழைக்கலாம்.

அழைத்தேன். திரையில் 6 என்று அழகாக வந்தது. அடுத்த வரியிலேயே பிழைச் செய்தி! 'நன்' என்பதை எண்ணால் பெருக்க முடியாதாம். கண்ணெதிரே 6 நிற்கும்போது இது என்ன பிடிவாதம் என்று இரண்டு இரவுகள் விழித்தேன்.

நண்பர்களே, கடைக்காரர் மீதிச் சில்லறையை நம் முன்னே எண்ணிக் காட்டிவிட்டுத் தம் பெட்டியிலேயே போட்டுக்கொண்டால் நம் கைக்கு என்ன வந்தது? என் செயற்கூறு செய்ததும் அதுவே. கடைசி வரியில் நான் எழுதியிருந்தது 'பிரிண்ட்'. அது திரைக்குக் காட்டும், அழைத்தவனுக்குத் தராது. தருவதற்குச் சொல் 'ரிட்டர்ன்'. அது இல்லாத செயற்கூறு 'நன்' என்ற வெறுமையைத்தான் திருப்பி அனுப்பும். மாற்றினேன். வந்த 6-ஐ 15-ஆல் பெருக்க, 90 ரூபாய்.

இன்னொரு சிறு தொல்லையும் உண்டு. இம்போர்ட் செய்யும்போது அந்தக் கோப்பு முழுவதும் ஒருமுறை இயங்கும். சோதனைக்காக அடியில் விட்டிருந்த என் வரிகள் ரசீதின் தலையில் வந்து நின்றன. கோப்பின் '__நேம்__' என்பது '__மெயின்__' ஆக இருந்தால் மட்டும் அவ்வரிகளை இயக்கு என்று நிபந்தனை போட்டபின் ஒழிந்தது.

முத்து அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய 'ஓப்பன்-தமிழ்' என்ற நிரலகத்தில் 'கெட்_லெட்டர்ஸ்' என்னும் செயற்கூறு இருப்பதைப் பிறகுதான் அறிந்தேன். அது எண்ணிக்கையை அல்ல, எழுத்துகளின் பட்டியலையே திருப்பித் தருகிறது. பட்டியல் கையில் இருந்தால் எண்ணலாம், அடுக்கலாம், தேடலாம். என்னுடையதைவிட அது மேலான ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற மாதம் 'லக்ஷ்மி ஸ்டோர்' பலகை வந்தது. 'லக்ஷ்மி'க்கு என் நிரல் நான்கு என்றது. 'க்ஷ்' ஒரே எழுத்து என்றார் அப்பா. 'எழுத்து' கோப்பில் இரண்டு வரிகள் சேர்த்தேன். கூலியும் ரசீதும் தாமே சரியாயின. அக்கோப்புகளைத் திறக்கவும் இல்லை. இப்போது தொலைபேசி எண்ணுக்கு அரைக்கூலி என்கிறார். அதற்கு இன்னொரு செயற்கூறு எழுதிக்கொண்டிருக்கிறேன்.