நாளை எண்ணாதீர்கள், களையின் இலையை எண்ணுங்கள்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கரிசல் காடுகளில் புரட்டாசியில் மக்காச்சோளம் ஊன்றினால், பயிர் முளைக்கும் நேரத்தில் மழையும் பிடித்துக்கொள்ளும். ஈரக் கரிசலில் கால் வைக்க முடியாது, களைக்கொத்தும் இறங்காது. மண் ஆறி ஆள் இறங்குவதற்குள் சாரணையும் தொய்யக்கீரையும் பயிரின் அடியை மூடிவிடும். விதைத்த மூன்று நாளுக்குள் அட்ரசின் அடித்தவர்களுக்குப் பாதிக் கவலை இல்லை. அந்த மூன்று நாளை மழையில் விட்டவர்கள் நம்புவது, முளைத்த களையின் மேல் அடிக்கும் மருந்தை.

அப்படி அடிப்பதற்கு மக்காச்சோளத்துக்கென்று இருப்பவற்றில் டெம்போட்ரையோனும் டோப்ரமசோனும் முக்கியமானவை. இலையின் பச்சையத்தை வெயிலிலிருந்து காப்பது கரோட்டினாய்டு என்ற நிறமி. இந்த மருந்துகள் அது உருவாவதைத் தடுத்துவிடுகின்றன. பிறகு வெயிலே களையைக் கொல்கிறது: குருத்து வெளுத்து வரும், அதன்பின் செடி காயும். டெம்போட்ரையோனின் குடும்பக் கதையும் சுவையானது. 1977இல் கலிபோர்னியாவில், பாட்டில்பிரஷ் என்ற அழகுச் செடியின் அடியில் களை அதிகம் முளைக்காததை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அந்தச் செடி வெளியிடும் ஒரு பொருளைத் தொடர்ந்து போன ஆய்வு, இந்த வகை மருந்துகளுக்கு வழிகாட்டியது.

மக்காச்சோளம் மட்டும் தப்புவது எப்படி? மருந்து அதற்குள்ளும் போகத்தான் செய்கிறது. ஆனால் கேடு செய்யுமுன் அதைச் சிதைத்துவிடும் நொதி மக்காச்சோளத்தில் இருக்கிறது. இனிப்பு மக்காச்சோளத்தின் சில ரகங்களில் அந்த நொதி சரியாக வேலை செய்யாது. அந்த ரகங்களில் பயிரும் சேர்ந்து வெளுக்கும். ஸ்வீட் கார்ன் போட்டவர்கள் விதை நிறுவனத்திடம் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

என்ன மருந்து என்று கேட்கும் அளவுக்கு எப்போது அடிப்பது என்று நாம் கேட்பதில்லை. களை இரண்டிலிருந்து நான்கு இலைக்குள் இருக்கும்போது அடிக்க வேண்டும். பொதுவாக அது விதைத்த 15 முதல் 20 நாளில் வரும். மழை நின்று பெய்த வருஷத்தில் களை முந்திவிடும் என்பதால் காலண்டரைப் பார்த்துப் பயனில்லை, குனிந்து இலையை எண்ணத்தான் வேண்டும். பூ விட்ட சாரணையில் அடித்தால் நுனி வெளுக்கும், பிறகு பக்கத்தில் துளிர்க்கும். மூன்றாம் நாளும் களை பச்சையாக நிற்கிறதே என்று இன்னொரு முறை அடிப்பவர்களும் உண்டு. அது வெறும் பணவிரயம். வெளுப்பு தெரியவே சில நாள் ஆகும், காய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பயிரின் முதல் 30, 40 நாளில் களை தின்ற உரத்தை அதற்குப் பிறகு போடும் எந்த உரமும் ஈடுகட்டாது.

அளவில்தான் அதிகம் சறுக்குகிறது. டோப்ரமசோன் 33.6 சதவீத மருந்து ஏக்கருக்கு வெறும் 30 மில்லி. 200 லிட்டர் தண்ணீருக்கு, 16 லிட்டர் டேங்க் என்றால் பன்னிரண்டரை டேங்க்; ஒரு டேங்குக்கு 2.4 மில்லி. மூடியில் ஊற்றி இதை அளக்க முடியாது. 30 மில்லியையும் ஒரு கேனில் இரண்டரை லிட்டர் தண்ணீராக்கி, நன்றாகக் குலுக்கி, டேங்குக்கு 200 மில்லி ஊற்றினால் கணக்கு சரியாக வரும். டெம்போட்ரையோன் 34.4 சதவீதம் ஏக்கருக்குச் சுமார் 115 மில்லி. அதையும் இப்படியே கலக்கலாம். பெட்டியோடு வரும் ஒட்டுத்திரவத்தை விட்டுவிட்டால் மருந்து இலையில் நிற்காமல் வழிந்துவிடும். கூம்பு நாசிலைக் கழற்றிவிட்டு விசிறி நாசில் மாட்டுங்கள். அட்ரசினைச் சேர்த்து அடித்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று வலு சேர்க்கும். எவ்வளவு என்பதை லேபிளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இது எல்லாக் காட்டுக்கும் ஆகாது. ஊடுபயிராக உளுந்தோ தட்டைப்பயறோ போட்டிருந்தால் களைக்கொத்துதான் வழி, மருந்து பயறையும் சேர்த்து அழிக்கும். மாட்டுக்காக வரப்போரம் விட்ட சோளத் தட்டையும் டெம்போட்ரையோனுக்குத் தாங்காது. கோரைக்கு இவை போதாது, அதற்கு ஹாலோசல்ஃப்யூரான் தனியாக இருக்கிறது. படைப்புழு மருந்தையும் இதே டேங்கில் ஊற்றி ஒரே நடையில் முடிக்கும் ஆசையும் வேண்டாம். சில பூச்சிமருந்துகள் பயிரின் சிதைக்கும் திறனையே குறைத்துவிடும்.

இவற்றுக்குப் பதில் விலை குறைவென்று 2,4-டி களைக்கொல்லியை வாங்குபவர்கள் பக்கத்துக் காட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்த வட்டாரத்தில் பாதி இடங்களில் பக்கத்தில் இருப்பது பருத்தி. காற்றில் பறந்த தூறலே பருத்தி இலையைச் சுருட்டி வெண்டை இலைபோல் பிளந்துவிடும். கழுவியதாக நினைத்த டேங்கில் பருத்திக்கு மருந்து அடித்தாலும் அதே கதிதான். 2,4-டிக்கு என்று ஒரு பழைய டேங்கை ஒதுக்கி, மேலே பெயிண்டில் எழுதிவைப்பது நல்லது.