படிப்பை விடாத ஓட்டக்காரி

மைதானத்துக்குப் போனால் பெண்ணின் படிப்பு கெடும் என்று சொன்னவன்தான் நானும். வயோமியா டையஸைப் பற்றி அறிந்தபின் வாயை மூடிக்கொண்டேன்.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பிறந்த கறுப்பினப் பெண். பதினைந்து வயதில் தந்தையை இழந்தவர். டென்னஸி மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட் டெம்பிளிடம் பயின்றார். அங்கே ஓட்டக்காரிகள் கல்லூரி வளாகத்திலேயே தினமும் இரண்டு மணி நேரம் வேலை பார்த்துத்தான் செலவை ஈடுகட்டினார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம், 1967-ல் பட்டம், 1968 மெக்ஸிகோவில் உலக சாதனையோடு மீண்டும் தங்கம். ஆணிலும் பெண்ணிலும் இப்பட்டத்தைத் தக்கவைத்த முதல் ஆள் அவரே. நாம் கொண்டாடும் கார்ல் லூயிஸ் அதைச் செய்தது 1988-ல்!

கல்லூரிகளில் பெண்களுக்குச் சமவாய்ப்பு தரும் அமெரிக்கச் சட்டம் வந்தது 1972-ல்.

என் மகள் இப்போது விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடப் போகிறாள். பால் காய்ச்சுவது நான்.