ஏழு ஆண்டு சிறை: மாஜிஸ்திரேட் காரணம் எழுதினாரா?

பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டத்தில், ராத்திரி லயத்து வீட்டுக் கதவை உடைத்து சங்கிலி திருடிய ஒருவர் பிடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது அவருக்கு மூன்றாவது கேஸ். கோலசிலாங்கூர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். ஏழு ஆண்டு சிறை.

“திருட்டுப் பயலுக்கு இது பத்தாது” என்று உங்களுக்குத் தோன்றலாம். சங்கிலியைப் பறிகொடுத்த வீட்டுக்காரருக்குக் கட்டாயம் தோன்றும். ஆனால் கேள்வி வேற: அந்த ஏழு ஆண்டைக் கொடுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருந்ததா?

குற்றவியல் சட்டத்தின் 457ஆவது பிரிவுப்படி, திருடும் நோக்கத்தோடு இரவில் வீடு உடைத்துப் புகுந்தால் 14 ஆண்டு வரை சிறை. ஆனால் அது குற்றத்துக்கான உச்சவரம்பு. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்குத் தனியாக ஒரு வரம்பு இருக்கிறது. 1948ஆம் ஆண்டு கீழ்நிலை நீதிமன்றச் சட்டத்தின் 87ஆவது பிரிவு அவருக்குத் தருவது 5 ஆண்டு சிறை, 10,000 ரிங்கிட் அபராதம், 12 பிரம்படி. அவ்வளவுதான்.

அப்போ ஏழு ஆண்டு தப்பா? அவசரப்படாதீங்க. அதே பிரிவில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. குற்றவாளியின் முந்தைய தண்டனைகளையோ பின்னணியையோ பார்த்து, 5 ஆண்டு போதாது என்று மாஜிஸ்திரேட் நினைத்தால், சட்டம் அனுமதிக்கும் முழுத் தண்டனையையும் விதிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: ஏன் என்பதை அவர் பதிவு செய்தாக வேண்டும்.

பெரும்பாலும் சிக்கல் முளைக்கும் இடம் இதுதான். குற்றப் பட்டியலை டிபிபி வாசிக்கிறார். குற்றவாளி அதை ஒப்புக்கொள்ள வேண்டும், மறுத்தால் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். ரெண்டு நாள் லோக்காப்பில் இருந்துவிட்டு வந்ததெல்லாம் ‘முந்தைய தண்டனை’ ஆகாது. காரணமே எழுதாமல் 5 ஆண்டைத் தாண்டியிருந்தால், அந்தத் தண்டனையை மேல் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க இடம் உண்டு.

பிரம்படியிலும் இதே மாதிரி ஒரு விஷயம். 457ஆவது பிரிவில் பிரம்படி இரண்டாவது முறையிலிருந்துதான். முதல் முறை மாட்டியவருக்கு அதை விதித்தால் சட்டத்தில் இல்லாததை விதித்ததாகிவிடும். அடி விழுந்த பிறகு யாரால் திருப்பி எடுக்க முடியும்?

திருத்துவது ஷா ஆலாம் உயர் நீதிமன்றம். வழி இரண்டு. ஒன்று மேல்முறையீடு: தீர்ப்பு வந்த 14 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கூட தண்டனையின் அளவையும் சட்டப்பூர்வத்தையும் எதிர்த்துப் போகலாம். “ஒத்துக்கிட்டேன், இனி ஒண்ணும் பண்ண முடியாது” என்பது சரியில்லை. இன்னொன்று மறுஆய்வு: உயர் நீதிமன்றமே கோப்பை வரவழைத்துப் பார்ப்பது.

மறுஆய்வில் தண்டனை குறையத்தான் வேண்டும் என்றில்லை, கூடவும் செய்யலாம். கூட்டுவதாக இருந்தால் குற்றவாளியின் பேச்சைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. குறைத்தாலும் அது விடுதலை இல்லை. குற்றவாளி குற்றவாளிதான், ஏழு ஐந்தாகலாம், அவ்வளவே.

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இப்படி நடந்தால், வழக்கு எண்ணை முதலில் எழுதி வையுங்கள். கைது, ரிமாண்ட் கட்டத்திலேயே மலேசியக் குடிமக்களுக்கு இலவச வழக்கறிஞர் தரும் ‘ஒய்பிஜிகே’ எனும் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. வழக்கறிஞரைப் பார்க்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “ஐந்து ஆண்டுக்கு மேல கொடுத்ததுக்குக் காரணம் பதிவுல இருக்கா, சார்?” பதினாலு நாள் சீக்கிரமே ஓடிவிடும்.