கல்லில் எழுதாத காரணம்

செத்த வீரனைக் கௌரவிக்கும் இடத்தில் போர் ஏன் வந்தது என்று கேட்கக்கூடாதாம். நடுகல்லைப் பிரதியாக வாசித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களில் ஒன்று 'ஆகோள்' என்கிறது. செத்தவன் பெயரும் சண்டைக்கான காரணமும் ஒரே கல்லில்: மாடு. தொல்காப்பிய வெட்சித்திணை இன்னும் வெளிப்படை. கவர்ந்து வந்த மாட்டைப் பங்கு போடுவதற்கே 'பாதீடு' என்றொரு துறை. எம்.ஏ.வில் மனப்பாடம் பண்ணினேன். போரின் பொருளாதாரம் அது என்று அப்போது உறைக்கவில்லை. அந்தக் காலம் யோக்கியமானது என்று சொல்ல வரவில்லை. மாடு பிடிக்க ஏவியவன் வேந்தன்தான்.

1931இல் திறக்கப்பட்ட டெல்லி இந்தியா கேட்டில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள். உச்சியிலுள்ள வாசகம் பிரான்ஸ், மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா என்று போர்க்களங்களை அடுக்குகிறது. எங்கே செத்தார்கள் என்பது உண்டு, எதற்கு என்பது கிடையாது. ஆனால் அந்தப் பட்டியலே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மெசபடோமியாவும் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் போருக்குப்பின் யார் கைக்குப் போயின? பிரிட்டன் கைக்கு. பாதீடுதான், வேறென்ன. உயிரோடு ஊர் திரும்பிய சிப்பாய்க்கு அதில் பங்கில்லை. 1919இல் அவனுக்குக் கிடைத்தது ரௌலட் சட்டம்.