புகைக்கரியைப் பிடிக்கும் மின்சாரம்

டீசல் இயந்திரம் கக்கும் புகையை நாம் காண்கிறோம்; அதிலுள்ள கரித்துகளைத் தனியே காண்பதில்லை. தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். இத்துகள்களிற் பெரும்பாலானவை 1 மைக்ரோனிலும் சிறியவை. ஆதலால் நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்குமென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012இல் அறிவித்தது.

துகளை மின்சாரத்தாற் பிடிக்கலாம். பல்லாயிரம் வோல்ற்று அழுத்தமுள்ள மெல்லிய கம்பியைக் கடக்கும்போது அது மின்னேற்றம் பெற்று, எதிரேயுள்ள உலோகத் தகட்டில் ஒட்டுகிறது. கலிபோர்னியாவில் பிரெடெரிக் கொட்ரெல் 1907இல் அமிலப்புகையை இவ்வாறு அடக்கினார். நிலக்கரி மின்நிலையங்களிலும் இம்முறை பயன்படுகிறது. டீசல் கரியோ மின்னைக் கடத்தும். தகட்டில் ஏற்றத்தை இழந்து மீண்டும் பறந்துவிடும். எனவே புதிய வாகனங்களிற் பீங்கான் வடிகட்டியே பெரிதும் வழங்குகிறது.

தகடாயினும் வடிகட்டியாயினும் துகளையே பிடிக்கும். உயிர்கொல்லும் காபனோரொட்சைட்டு வாயுவைப் பிடிக்காது. ஆகவே மின்பிறப்பாக்கியை நாம் ஒருபோதும் வீட்டுக்குள் இயக்கலாகாது.