மலையக வீதிகளுக்குப் பனிக்கால டயர் பொருந்துமா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டதையடுத்து, ஜப்பானில் பாவிக்கப்பட்ட சிறிய கார்கள் நமது வீதிகளில் மறுபடியும் தலைகாட்டத் தொடங்கியுள்ளன. ஊவாவும் இதற்கு விதிவிலக்கல்ல. பதுளை, பண்டாரவளை, வெலிமடை நகரங்களின் வர்த்தகர்கள், ஆசிரியர்கள், தோட்ட உத்தியோகத்தர்கள், மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பியோர் எனப் பலரும் குடும்பத்துக்கென ஒரு காரை வாங்கிவிட வேண்டுமென்ற அவாவில் உள்ளனர். இவ்வாறு வரும் கார்கள் சிலவற்றின் சில்லுகளில், ஜப்பானின் வடபகுதியில் உறைபனி வீதிகளில் ஓடுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட டயர்கள் பூட்டப்பட்டிருக்கின்றன. ஆழமான தவாளிப்புகளும் அவற்றிடையே எண்ணற்ற மெல்லிய கீறல்களும் கொண்ட அந்த டயர்கள் பார்வைக்குப் புதியவை போலவே தோன்றும். "மலைநாடு குளிர்ப் பிரதேசம்தானே, இதுதான் பொருத்தம்" என்று சொல்லி விற்போரும், அதனை நம்பி நிம்மதியடைவோரும் இருக்கின்றனர். கனடாவிலோ ஜேர்மனியிலோ வாழும் உறவினர் ஒருவர் தொலைபேசியில் பனிக்கால டயரின் அருமை பெருமைகளை எடுத்துரைத்துவிட்டால் அந்த நம்பிக்கை மேலும் உறுதியாகிவிடுகின்றது.

உறவினர் கூறுவதில் தவறேதுமில்லை. அவர் வாழும் நாட்டுக்கு அது உண்மை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்குப் பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயமாகும். ஜேர்மனியில் திகதி எதுவும் குறிக்கப்படவில்லையாயினும், 2010 முதல் உறைபனியோ வெண்பனியோ உள்ள வீதியில் அத்தகைய டயரின்றி ஓடினால் தண்டம் விதிக்கப்படுகின்றது. சாதாரண டயரின் இரப்பர் சுமார் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்குகின்றது. இறுகிய இரப்பர் வீதியைப் பற்றுவதில்லை. பனிக்கால டயரின் இரப்பர் கலவையோ கடுங்குளிரிலும் மிருதுவாக இருக்கும்படி ஆக்கப்பட்டது. அதன் மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்விப்பிடிக்கின்றன. ஜப்பானியர் இதில் இன்னும் ஒரு படி முன்னே சென்றவர்கள். ஆணி பதித்த டயர்கள் வீதியைச் சுரண்டி நகரங்களைத் தூசுமயமாக்கியதால் 1990இல் அவற்றைச் சட்டத்தின் மூலம் கட்டுப்படுத்தினார்கள். அதன் பின்னர், கண்ணாடி போன்ற பனிக்கட்டியிலும் வழுக்காதிருப்பதற்காக மிக மிருதுவான இரப்பரைக் கொண்ட 'ஸ்டட்லெஸ்' டயர்கள் அங்கு பரவலாயின. இப்போது நமது நாட்டில் வந்திறங்கும் கார்களில் காணப்படுபவை பெரும்பாலும் இவையே.

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து 700 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருக்கின்றது. அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 23 பாகையை ஒட்டியது. பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடை ஆகியவை அதனிலும் உயரமானவை. மார்கழி, தை மாத விடியற்காலைகளில் 10 பாகையை அண்மிக்கும் நாட்கள் அங்கு உண்டு. நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் புல்லின் மீது உறைபனி படிந்து, தேயிலைக் கொழுந்தையும் மரக்கறியையும் கருக்கிவிடுவதுண்டு. ஆயினும் வெயில் ஏறியதும் அது மறைந்துவிடுகின்றது. பகல் முழுவதும் 7 பாகைக்குக் கீழே கிடக்கும் வீதி ஒன்று இலங்கையில் எங்கும் இல்லை. இருபது பாகைக்கு மேற்பட்ட வீதியில் அந்த மிருதுவான இரப்பர் குழைகின்றது, விரைவாகத் தேய்கின்றது. எல்லாவற்றிலும் முக்கியமாக, நனைந்த வீதியில் பிரேக் பிடிக்கும்போது சாதாரண டயரைவிட அதிக தூரம் சென்றே நிற்கின்றது. பனிக்கட்டிக்கென உருவாக்கப்பட்ட டயர் மழைக்கு உதவுமென நினைப்பது இயல்பே. உண்மை அதற்கு மறுதலையானது. ஆகவே அத்தகைய டயருடன் வந்த காரை வாங்கியவர், தவாளிப்பு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவற்றை மாற்றிவிடத் தீர்மானிப்பதே தகும் என்பது எமது அபிப்பிராயம். முன்பக்கம் இரண்டை மட்டும் மாற்றி, பின்பக்கம் பனி டயரை விட்டுவைப்பது அதனிலும் ஆபத்தானது.

அப்படியாயின் ஊவாவுக்கு மாரிகாலம் இல்லையா? உண்டு. அது பனியின் உருவில் வருவதில்லை. தென்மேல் பருவக்காற்று நுவரெலியா மாவட்டத்தின் மேற்குச் சரிவுகளை நனைத்துவிட்டு வருவதால், ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்றே வீசும். உலகப் புகழ்பெற்ற ஊவாத் தேயிலையின் தனி நறுமணம் அந்தக் காற்றின் கொடை. பின்னர் ஐப்பசியில் பிற்பகல் இடிமழையும், கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழையும் தொடர்ந்து தை மாதம் வரை நீடிக்கின்றன. மாதக்கணக்கில் வீதியில் படிந்த எண்ணெயும் இரப்பர்த் துகளும் தூசும் முதல் மழையோடு கலந்து சவர்க்கார நுரை போலாகிவிடுகின்றன. முதல் சில மழைகளில் வீதி மிகவும் வழுக்குவதற்கு இதுவே காரணம். அதன் பின்னர் தோட்ட மலைகளிலிருந்து சிவப்பு மண் கரைந்து வீதியின் குறுக்கே பாய்கின்றது. பசறையிலிருந்து நமுனுகலைக்கோ மடுல்சீமைக்கோ, ஹப்புத்தளையிலிருந்து கொஸ்லாந்தைக்கோ மழை நாளில் பயணித்தவர்களுக்கு அந்தச் சேற்றுப் படலத்தை நாம் விபரிக்க வேண்டியதில்லை. அதற்குமேல் மூடுபனி.

இவ்வளவுக்கும் நடுவே காரைத் தாங்கி நிற்பது என்ன? ஒவ்வொரு டயரிலும் வீதியைத் தொடும் பகுதி ஓர் உள்ளங்கை அளவே. நான்கு உள்ளங்கைகளின் மீதுதான் தாயும் தகப்பனும் பிள்ளைகளும் உம்மம்மாவோ அப்பாயியோ அமர்ந்து செல்கின்றனர். தவாளிப்புகளின் வேலை அந்த உள்ளங்கைக்குக் கீழேயுள்ள நீரை வெளியேற்றுவதாகும். புதிய கார் டயரில் அவற்றின் ஆழம் சுமார் 8 மில்லிமீற்றர். ஐரோப்பிய நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த ஆழம் 1.6 மில்லிமீற்றர். அந்த அளவுக்குத் தேய்ந்த டயர், நனைந்த வீதியில் புதிய டயரைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் அதிக தூரம் சென்றே நிற்கின்றதெனப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே 3 மில்லிமீற்றருக்கு வந்ததும் மாற்றிவிடுமாறு அங்கு பலர் ஆலோசனை கூறுகின்றனர். நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும் கார் நீரின் மேல் மிதந்து வழுக்கும் அபாயம் பற்றியே வெளிநாட்டு நூல்கள் அதிகம் பேசுகின்றன. நமது வளைவுகளில் மணிக்கு 30, 40 கிலோமீற்றருக்கு மேல் செல்ல இயலாது. எனவே அந்த ஆபத்து இங்கு குறைவு. ஆனால் நமது டயர் ஒரே நேரத்தில் இறக்கத்தில் பிடித்து நிறுத்தவும், வளைவில் பக்கவாட்டில் தாங்கவும் வேண்டியுள்ளது. சறுக்கினால் ஒதுங்கிக்கொள்ள வயல்வெளி இல்லை. ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம்.

2021 மார்ச் 20ஆம் திகதி பசறை - லுணுகலை வீதியில் 13ஆம் மைல்கல்லருகே பஸ்ஸொன்று பள்ளத்தில் வீழ்ந்ததையும், 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்களும் அவர்களது குடும்பத்தினரும் வந்த பஸ் வீழ்ந்து 15 பேர் பலியானதையும் இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இவ்விபத்துகளுக்கு டயர் காரணமென நாம் கூற வரவில்லை. அவ்வீதிகள் சிறு பிழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளா என்பதற்காகவே அவற்றை நினைவூட்டுகின்றோம். எல்லவிலிருந்து வெல்லவாய வரை முப்பது கிலோமீற்றருக்குள் சுமார் 800 மீற்றர் இறங்க வேண்டியுள்ளது. அங்கு காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் பிரேக் சூடேறிப் பயனற்றுப்போகும். எந்த டயரும் அப்போது காப்பாற்றாது. ஏறும் கியரிலேயே இறங்க வேண்டுமென்ற பழைய சாரதிகளின் விதி தானியங்கிக் கார்களுக்கும் பொருந்தும். டொயோட்டா ஹைபிரிட் கார்களில் கியர்த் தடியருகே காணப்படும் 'பி' என்ற எழுத்து இத்தகைய நீண்ட இறக்கங்களுக்கானதே. காரை வாங்கி ஆண்டுக்கணக்காகியும் அது எதற்கென்று அறியாதவர்கள் பலர்.

வாசகர் தமது காரின் டயரைப் பார்ப்பதற்கு விசேட கருவி எதுவும் தேவையில்லை. பிள்ளையின் பாடசாலை அடிமட்டம் போதும். டயரின் பிரதான தவாளிப்புகளுக்குள் சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்த மேற்பரப்பு அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மில்லிமீற்றரே எஞ்சியுள்ளதென்பது பொருள். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் உண்டு. 3219 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்குமாறும், பத்து ஆண்டுகள் கடந்ததைத் தேய்ந்திராவிட்டாலும் கழற்றிவிடுமாறும் உற்பத்தியாளர்கள் பலர் கூறுகின்றனர். மலைமுகட்டினுள் பனித்துகள் வரையப்பட்ட சின்னமோ, 'ஸ்டட்லெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லோ பக்கச் சுவரில் இருந்தால், அது பெரும்பாலும் மேலே கூறிய பனி டயர். 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்துகள் மட்டும் இருப்பது வேறு. ஜீப் வகை வாகனங்களின் சாதாரண டயர்களிலும் அவை காணப்படுகின்றன. அதற்காகக் கலவரமடையத் தேவையில்லை.

செலவே இங்கு உண்மையான தடை. சிறிய கார் ஒன்றின் ஒரு டயருக்கே தோட்டத் தொழிலாளி ஒருவரின் பல நாட் கூலி வேண்டும். மொனராகலையில் இரப்பர் பால் வெட்டும் மாகாணத்தில் டயர் எட்டாக்கனியாக இருப்பது வேடிக்கைதான். எனவே பலர் பழைய டயரையோ, சூடேற்றிய கத்தியால் புதிதாகத் தவாளிப்பு வெட்டிய மொட்டை டயரையோ நாடுகின்றனர். பின்னையதைக் கார் டயரில் எக்காரணங்கொண்டும் ஏற்கக்கூடாது. எஞ்சியிருந்த இரப்பரையும் குறைத்து, உள்ளேயிருக்கும் கம்பி வலையை வெளிக்கொணர்வதைத் தவிர அது வேறொன்றையும் செய்வதில்லை. நான்கையும் ஒருங்கே வாங்க இயலாதவர் இரண்டை வாங்கலாம். அவ்விரண்டையும் பின் சில்லுகளில் பூட்ட வேண்டும். இது பலருக்கு வியப்பளிக்கும். காரை இழுப்பதும் திருப்புவதும் முன் சில்லுகள்தாமே என்று கடைக்காரரே வாதிடுவார். ஆனால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கையில் பாரம் முன்னே சாய்ந்து பின்பக்கம் இலேசாகிவிடுகின்றது. முன் சில்லு வழுக்கினால் வேகத்தைக் குறைத்ததும் பெரும்பாலும் பிடி கிடைத்துவிடும். பின் சில்லு வழுக்கினால் கார் சுழலும். அதனை மீட்டெடுப்பது சாதாரண சாரதியால் இயலாத காரியம். புதிய டயர் கேட்கும்போது மழையில் பிடிமானம் எப்படியென்று வினவுவது நன்று. ஐரோப்பியச் சந்தைக்கென வரும் டயர்களின் ஒட்டியில் ஈரப்பிடிமானம் ஏ முதல் ஈ வரை தரப்படுத்தப்பட்டிருக்கும்.

பஸ், லொறி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் கோரப்படுகின்றது. சொந்தப் பாவனைக்கான காருக்கோ காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருந்தால் ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடும். புகையை அளப்பவர் டயரைப் பரிசோதிப்பதில்லை. பொலிஸார் வீதியில் மறித்தாலன்றி, குடும்பக் காரின் டயரை அரசின் சார்பில் பார்க்க எவருமில்லை. இந்நிலை மாற வேண்டுமென்பதில் எமக்கு ஐயமில்லை. மாறும்வரை பொறுப்பு முழுவதும் வீட்டாரையே சாரும்.

அதற்கான காலம் புரட்டாதி மாதமே. தீபாவளி ஐப்பசி மழையோடு வருகின்றது. அன்று உறவினர் வீடுகளுக்குச் செல்லும் கார்கள் ஆறேழு பேரையும் பலகாரப் பாத்திரங்களையும் சுமந்தே புறப்படும். ரமழான் ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாட்கள் முன்னோக்கி வருவதால் 2030இல் ஜனவரியில் ஆரம்பமாகும். தராவீஹ் தொழுகை முடிந்து இரவில் திரும்புவதும், பெருநாளுக்கு பிபிலை வழியாகக் காத்தான்குடிக்கோ, வெலிமடை வழியாக அக்குறணைக்கோ செல்வதும் இனிவரும் ஆண்டுகளில் மழைகாலப் பயணங்களாகவே அமையும். புறப்படுமுன், குளிர்ந்த நிலையிலுள்ள டயரில் காற்றை அளக்க வேண்டும். எவ்வளவு வேண்டுமென்பது சாரதியின் கதவோரம் ஒட்டப்பட்டிருக்கும். சேற்றில் பிடிக்குமென்று காற்றைக் குறைப்பது பாரம் ஏற்றிய காருக்கு உகந்ததல்ல.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தில் மலைகளையே பெயர்த்து வீதிகளின் மீது கொட்டியது. மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் காரை வெளியே எடுக்காதிருப்பதொன்றே வழி. அங்கு டயரைப் பற்றிப் பேச இடமில்லை. மாற்றிக் கழற்றிய பனி டயர்களை முற்றத்தில் போட்டுவைக்கவும் கூடாது. கார்த்திகை மழையில் அவற்றுள் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும். துளையிட்டு நீர் வடியச் செய்யலாம், அல்லது கூரையின் கீழ் அடுக்கி வைக்கலாம்.